7200 ஆர்பிஎம் பழைய ஹார்ட் டிஸ்கை விட 5400 புதுசு வேகமா? குழப்பமா இருக்கு

ஆல்பம்காரன்:
கல்யாண ஆல்பம் டிசைன் பண்றேன். பழைய டிஸ்க் 1 டிபி, 7200 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து). இப்போ போட்டது 8 டிபி, 5400. பெரிய வீடியோவை காப்பி பண்ணினா புதுசு பழசை முந்துது. ஆனா முகூர்த்த ஃபோட்டோ ஃபோல்டரைத் திறந்தா தம்ப்நெயில் ஒண்ணொண்ணா வருது, அதுக்குப் பழசே தேவலை. மெமரி கார்டுகளை வரிசையா கொட்டினா முதல்ல பறக்குது, பாதியில நொடிக்கு 30 எம்பிக்கு வந்து படுத்துடுது. டப்பா மேல மட்டும் 6 ஜிகாபிட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்.

சர்வீஸ்_அண்ணாச்சி:
தம்பி, அந்த 6 ஜிகாபிட்டை விட்டுத் தள்ளுங்க. அது டிஸ்கை கம்ப்யூட்டரோட இணைக்கிற சாட்டா கேபிளோட எல்லை, நொடிக்கு 600 எம்பி. சாதாரண டிஸ்க் அதுல பாதியைத் தொடுறதே பெரிய விஷயம்.

புது டிஸ்க்குக்குள்ள சுத்துற தட்டுல பிட்டுகளை நெருக்கி எழுதியிருப்பான். ஒரு சுத்துல, படிச்சு எழுதுற ஹெட்டுக்குக் கீழ ஓடுற டேட்டா அதிகம், அதனால சுத்து குறைஞ்சாலும் வீடியோ வேகமா போகும்.

ஃபோட்டோ கதை வேற. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹெட் இடம் மாறணும், 8லேர்ந்து 12 மில்லி செகண்ட். அப்புறம் தட்டு சுத்தி வரக் காத்திருக்கணும்: 5400ல சராசரி 5.6, 7200ல 4.2. ரெண்டும் சேர்ந்து 15னு வைங்க, நொடிக்கு 65 தடவைதான் போய்வர முடியும். 4 கேபி துண்டு துண்டா படிச்சா 300 கேபி கூடத் தேறாது. வீடியோவுக்கு 180 எம்பி ஓடுற அதே டிஸ்க்குதான்!

பாதியில படுக்கிறது எஸ்எம்ஆர் வேலையா இருக்கும். தட்டுல இருக்கிற வட்ட ட்ராக்குகளை ஓடு வேயுற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி எழுதுறது. ஒண்ணைத் திருத்தினா பக்கத்துல இருக்கிறதையும் திரும்ப எழுதணும். முதல்ல தற்காலிக இடத்துல வாங்கி வச்சுக்கும். அது நிரம்பினதும் திணறும். மாடல் நம்பரை டேட்டாஷீட்ல பாருங்க.

லினக்ஸ்_பாண்டி:
எவ்வளவு நிரம்பியிருக்கு? டேட்டா முதல்ல வெளி விளிம்புலதான் உக்காரும். உள் ட்ராக்குக்குப் போகப் போக சுற்றளவு குறையும், வேகமும் கிட்டத்தட்ட பாதியாயிடும். எஸ்எம்ஆர் இல்லாத டிஸ்க்குக்கும் இது உண்டு.

ஆல்பம்காரன்:
கால்வாசிதான் நிரம்பியிருக்கு. ஷீட் பார்த்தேன், எஸ்எம்ஆர்தான். 7200 சிஎம்ஆர் (ட்ராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாதது) வாங்கிட்டா ஃபோட்டோ பிரச்சினை தீருமா அண்ணாச்சி?

சர்வீஸ்_அண்ணாச்சி:
கார்டு கொட்டுறது சரியாகும். ஃபோட்டோவுக்கு மிச்சம் ஒண்ணரை மில்லி செகண்டுதான், காசுக்குப் பிடிச்ச கேடு. ஃபோட்டோ சாஃப்ட்வேரோட கேட்டலாக், ப்ரிவியூ ரெண்டையும், சுத்துற தட்டே இல்லாத சின்ன எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. எஸ்எம்ஆர் பேக்கப்புக்கு இருக்கட்டும், ரெய்டுல (பல டிஸ்கை ஒண்ணா சேர்த்து ஓட்டுறது) மட்டும் சேர்த்துடாதீங்க.