கம்பெனிப் பணம் சைபர் திருட்டில் போனால் முதல் போன் யாருக்கு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஈரோடு ஜவுளி:
நூல் மில்லிலிருந்து ஒரு மெயில். பேங்க் கணக்கு மாறிவிட்டது, பாக்கியைப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. லெட்டர்பேட், சீல், கையெழுத்து எல்லாம் அச்சு அசல். மெயில் முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். எங்கள் அக்கவுண்டன்ட் நாலரை லட்சத்தை ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பிவிட்டார். மறுநாள் மில்காரர் பாக்கி கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது.

பேங்கில் “எஃப்ஐஆர் காப்பியோட வாங்க சார்” என்றார்கள். பக்கத்து ஸ்டேஷனில் மாவட்ட சைபர் கிரைமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஓர் ஏட்டுதான் “1930க்கு அடிச்சீங்களா?” என்று கேட்டார். சைபர் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. அங்கிருந்தே அடித்தேன். எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு, எப்போது, யுடிஆர் நம்பர் (பணம் அனுப்பியதற்கு பேங்க் தரும் அடையாள எண்) என்ன, அவ்வளவுதான் கேட்டார்கள். எஃப்ஐஆர் பேச்சே வரவில்லை. எஸ்எம்எஸ்ஸில் ஒப்புகை எண் வந்தது. அதை வைத்து சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் ஸ்டேட்மென்ட், இன்வாய்ஸ், அந்த மெயில் எல்லாவற்றையும் ஏற்றினேன்.

ஆனால் நான் பேங்குக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்த நேரத்தில் பணம் கணக்கு மாறிக் கணக்கு தாவிவிட்டது. ஒரு லட்சத்துச் சொச்சம்தான் ஹோல்டில் நின்றது. அதையும் கோர்ட்டில் மனு போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

கோவை பம்ப்செட்:
எங்களுக்குப் பணம் போகவில்லை. காலையில் வந்து பார்த்தால் கணக்கு எழுதும் டேலி சர்வர் முழுக்கப் பூட்டு, கிரிப்டோவில் காசு கேட்டு ஒரு நோட்டு. சர்வீஸ் பையன் ஃபார்மேட் போட்டுவிடலாம் என்று நின்றான். தொடக்கூடாது என்று சொல்லி, நெட் கேபிளை மட்டும் பிடுங்க வைத்தேன். நல்லவேளை, போலீஸ் முதலில் கேட்டதே லாக்குகளைத்தான், அதாவது சர்வரில் யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவுகளை.

1930 பணம் போனவர்களுக்கு. இந்த மாதிரிக்கு அதே தளத்தில் ‘மற்ற சைபர் குற்றங்கள்’ பகுதி இருக்கிறது. கூடவே செர்ட்-இன்னுக்கும் (சைபர் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) மெயில் போட வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இது பெரிய ஐடி கம்பெனிக்கு மட்டும்தான் என்று எங்கள் ஆடிட்டரே நினைத்துக்கொண்டிருந்தார். செர்ட்-இன் திருடனைப் பிடிக்காது, அது வேறு வேலை. இன்சூரன்ஸ்காரன் கேட்டது எஃப்ஐஆர்தான், அதனால் சைபர் கிரைம் ஸ்டேஷனில் தனியாகப் புகார் கொடுத்தோம்.

சேலம் செல்போன் கடை:
நான் எதிர்ப்பக்கம் மாட்டினேன். ஒருத்தர் யுபிஐயில் பணம் கட்டிப் போன் வாங்கிப் போனார். சில நாள் கழித்து என் கரன்ட் அக்கவுண்டே முடக்கம். எங்கோ வட மாநிலத்தில் ஏமாந்தவர் 1930இல் சொல்லியிருக்கிறார், திருடிய பணம் என் கடைக்கு வந்திருக்கிறது. பேங்கில் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. புகாரின் ஒப்புகை எண்ணையும் எந்த ஸ்டேஷன் என்பதையும் எழுதி வாங்குங்கள். நான் ஜிஎஸ்டி பில், விற்ற போனின் ஐஎம்இஐ நம்பர், கேமரா பதிவு மூன்றையும் அந்த அதிகாரிக்கு மெயிலில் அனுப்பினேன். முழுக் கணக்கையும் பூட்டாமல், வந்த தொகையை மட்டும் பிடித்து வையுங்கள் என்று கேட்டேன். அதற்குச் சம்மதித்தார்கள். சம்பளம் போட முடிந்தது.

மதுரை ஸ்வீட்ஸ்:
புகார் கடைப் பேரிலா, என் பேரிலா? எனக்குப் போனது மூவாயிரம்தான், பணம் கட்டியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சரக்கு வாங்கிப் போய்விட்டார்கள்.

ஈரோடு ஜவுளி:
என் பேரில், என் மொபைல் ஓடிபியில்தான் பதிந்தேன் அண்ணா. கம்பெனி லெட்டர்பேடில் ஓர் அதிகாரக் கடிதம் பின்னால் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உங்கள் விஷயத்தில் பணம் வரவே இல்லை, முடக்க ஒன்றுமில்லை. ஆள் முகம் கேமராவில் இருந்தால் உள்ளூர் ஸ்டேஷனே போதும்.

இன்னொன்று. புகார் கொடுத்த பிறகு “சைபர் செல்லிலிருந்து பேசுறோம், பணம் ரெடி, பிராசஸிங் ஃபீஸ் கட்டுங்க” என்று ஒரு போன் வரும். எனக்கு வந்தது. அந்த நம்பரையும் அதே ஸ்டேஷனில் கொடுத்துவிட்டேன்.