உறுமி மேளப் பாட்டு ஊரெல்லாம் ஓடுகிறது, காசு யாருக்குப் போகிறது?

மேளக்காரன், சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு எங்கள் உறுமி மேளக் குழு சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டி, ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்தோம். செலவு முழுக்க எங்கள் கைக்காசு. யூடியூபில் ஏற்றியது ஸ்டூடியோக்காரர், அவர் சேனலில். இப்போது கல்யாண மண்டபத்தில்கூட அந்தப் பாட்டுதான். எங்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) வரவில்லை. முன்பு பெரியவர்கள் தைப்பூசத்தில் மேசை போட்டு சீடி விற்பார்கள், அந்தக் காசில் உறுமிக்குத் தோல் மாற்றுவார்கள். சும்மா கேட்கிற பாட்டில் பணம் எப்படி வரும்?

கீபோர்டு அண்ணன்:
தம்பி, சும்மா என்பது கேட்கிறவனுக்குத்தான். யூடியூபில் விளம்பரக்காரன் காசு கொடுக்கிறான், அதில் பங்கு சேனல் வைத்திருப்பவருக்குப் போகும். பாடியது யார், உறுமி அடித்தது யார் என்று யூடியூப் தானாகப் பார்த்துப் பிரித்துக் கொடுக்காது. ஸ்டூடியோக்காரரிடம் பங்கைக் கேளுங்கள், இனிமேல் சொந்த சேனலில் போடுங்கள். ஆனால் உடனே காசு வராது. விளம்பரப் பங்கு கிடைக்க, இப்படி முழுநீள வீடியோ போடும் சேனலுக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும்.

பாட்டுக் கேட்கிற செயலியான ஸ்போட்டிஃபையில் போட்டாலும், ஒரு தடவைக்கு இவ்வளவு என்று விலை கிடையாது. சந்தா, விளம்பரம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மொத்தக் கேட்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அதன்படி பிரிக்கிறார்கள். 30 வினாடி ஓடினால் ஒரு கணக்கு. உங்கள் பாட்டு எட்டு நிமிடம் ஓடினாலும் அதே ஒரு கணக்குதான், இரண்டு நிமிடப் பாட்டுக்கும் அதே. நம்ம ஆட்கள் நீட்டி அடிக்கிறதுக்கு அங்கே மரியாதை இல்லை! 2024 முதல் 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்குப் பதிவு உரிமைப் பணமே, அதாவது பதிவின் சொந்தக்காரருக்கு வரும் பணமே, இல்லை.

தோட்டத்து அக்கா:
மெட்டு சினிமாவில் எடுத்ததா? அப்படியானால் சொந்த சேனலில் போட்டாலும் யூடியூபில் அடுத்தவர் பாட்டைக் கண்டுபிடிக்கிற கண்டெண்ட் ஐடி பிடித்து, விளம்பரக் காசைப் படப்பாட்டு கம்பெனிக்கு அனுப்பிவிடலாம். சொந்த மெட்டு என்றால், எழுதியவரும் இசையமைத்தவரும் எம்.ஏ.சி.பி.யில் (பாட்டு எழுதியவர், இசையமைத்தவர்களுக்கு உரிமைப் பணம் வசூலித்துத் தரும் மலேசிய அமைப்பு) பதிந்துகொள்ளுங்கள். பாட்டு ரேடியோவில் ஓடினால் அவர்களுக்குத் தனியாகப் பணம் உண்டு.

கீபோர்டு அண்ணன்:
அக்கா சொல்வது சரி. இன்னொன்று, வீடியோவுக்குக் கீழே குழுப் பெயரும் புக்கிங் நம்பரும் இருக்கிறதா? ஒரு கோயில் புக்கிங்கில் வருவதை ஆயிரம் பேர் கேட்டாலும் ஸ்போட்டிஃபை தராது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

மேளக்காரன்:
மெட்டு எங்களுடையதுதான் அண்ணே. இப்போதுதான் பார்த்தேன், வீடியோவுக்குக் கீழே ஸ்டூடியோ நம்பர் மட்டும் இருக்கிறது. போன் அடித்தால் அவர் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரசீதோடு நேரில் போகிறேன்.