மறுமொழி: வைட்டமின் டி ‘குறைபாடு’ வேண்டாம், ‘இருப்புக் குறைவு’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு,

முற்றிய இரைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களின் வீட்டாருக்கான துண்டறிக்கையில் ‘வைட்டமின் டி குறைபாடு’ என்றே போட்டுவிடலாம், பாடப்புத்தகத்தில் பழகிய சொல்தானே என்று மருந்தாளுநர் ஐயா எழுதியிருந்தார். மாற்ற வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம் எங்கள் பெரியம்மா வீட்டில் நடந்தது.

பெரியம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். விடிந்ததிலிருந்து வெயிலில்தான் உட்கார்ந்திருப்பார். நோய் வந்த பிறகு இரண்டாவது மாடியில், வெயில் எட்டாத அறையில் படுக்கை. அண்ணன் மத்திக் குழம்பு வைத்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டுவார். இரண்டு வாய் வாங்குவார். மூன்றாவது வாய்க்குக் கையைத் தள்ளிவிடுவார். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்தது. அதை நான்தான் ‘குறைபாடு’ என்று படித்துச் சொன்னேன். அண்ணன் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கம்மாவுக்கு நான் இன்னா குறை வெச்சேன்மா?” என்றார்.

நம் பேச்சில் ‘குறை’ என்றால் யாரோ வைத்த குறை. ஆனால் இந்த நோயில் அப்படி யாரும் வைப்பதில்லை. டி கொழுப்பில் கரையும் சத்து. இரைப்பையின் வாய் கட்டியால் அடைபட்டால் உணவு கீழே இறங்காது, வாந்தியாகிவிடும். இரைப்பையை வெட்டியெடுத்திருந்தால் உணவும் பித்தநீரும் கணையநீரும் சரியாகக் கலப்பதில்லை. கொழுப்போடு சேர்ந்து டியும் மலத்தில் போய்விடும். கீமோ மருந்து தரும் குமட்டல் வேறு. தோலில் வெயில் பட்டு உண்டாகும் பங்கும் படுக்கையில் விழுந்தவருக்கு நின்றுபோகிறது.

அப்புறம், அந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்று பாருங்கள். கல்லீரல் செய்து ரத்தத்தில் விடும் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டியை அளக்கிறது. அது பாதியாகவே இரண்டு மூன்று வாரம் ஆகும். சிறுநீரகம் செய்கிற, உடம்பில் வேலை பார்க்கும் வடிவம் சில மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். கையிருப்பு கரைந்த பிறகும் அது சரியான அளவில் தெரியலாம். அதனால்தான் மருத்துவர்கள் முதலாவதைப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது இருப்பைத்தான்.

இந்தச் சொல்லை நான் அகராதியில் தேடவில்லை. புழல் ஏரியின் ‘நீர் இருப்பு’ எவ்வளவு, ‘நீர்வரத்து’ எவ்வளவு என்று நாளிதழில் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. 2019 கோடையில் அது வற்றிக் கிடந்தபோது வடசென்னையில் குடத்தோடு லாரிக்கு நின்றவர்களுக்கு ‘இருப்பு’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் முன்மொழிவு: ரத்தத்தில் அளப்பது ‘டி இருப்பு’. மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 நானோகிராம் வரை ‘இருப்புக் குறைவு’, 20-க்குக் கீழே ‘இருப்பு வற்றல்’. உணவாலும் வெயிலாலும் வருவது ‘வரத்து’. குடல் சத்தை உறிஞ்சாமல் விடுவதற்கு ‘அகத்துறிஞ்சல் குறைபாடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் நாம் சொல்வது “சாப்பிடறது உடம்புல ஒட்டல” என்பது. அதையே ‘சத்து ஒட்டாமை’ ஆக்கலாம். எனக்கு இந்தச் சொல்மீது இருப்பைவிடவும் ஆசை அதிகம்.

‘இருப்பு’ என்பது தத்துவத்தில் ‘இருத்தல்’ என்ற வேறு பொருள் தருமே என்று கேட்ட தோழருக்கு: ரேஷன் கடைப் பலகையில் ‘இருப்பு இல்லை’ என்று படிப்பவர் யாரும் குழம்புவதில்லை. ‘பற்றாக்குறை’ நல்ல சொல்தான், அதிலும் யாரையும் பழிக்கும் தொனி இல்லை. ஆனால் அளவிடும் பொருளுக்கே பெயராக அதை வைக்க முடியாது. ‘முற்றிய’ என்பதை ‘இறுதிநிலை’ என்று மாற்றக் கூடாது. முற்றிய நோயோடு சிகிச்சை எடுத்துக்கொண்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

துண்டறிக்கைக்கு நான் எழுதிய வரிகள் இவை:

“உங்கள் வீட்டு நோயாளியின் உடம்பில் வைட்டமின் டி இருப்பு வற்றியிருக்கிறது. நோயால் வரத்து குறைந்ததும் சத்து ஒட்டாததும் இதற்குக் காரணம். ஊட்டியவர் மேல் பிழை இல்லை. எலும்பு வலியும், உட்கார்ந்து எழ முடியாத தசைத் தளர்ச்சியும் இதனால் கூடலாம். இருப்பை ஏற்றுவது புற்றுநோயைக் குணப்படுத்தாது. எலும்புக்கும் தசைக்கும் துணை நிற்கலாம். 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியை மருத்துவர் சொன்ன நாளில் மட்டும் கொடுங்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் மலச்சிக்கலும் வரும். அதை நோயின் வாந்தி என்று நினைத்துவிடுவோம்.”

‘வற்றல்’ என்றதும் சிலருக்கு மோர்மிளகாய் வற்றல் நினைவுக்கு வருமோ என்ற தயக்கம் மட்டும் எனக்கு இருக்கிறது. ‘வறட்சி’ நல்லதா? அண்ணனிடம் இரண்டையும் படித்துக் காட்டப்போகிறேன். உங்கள் வீட்டிலும் யாரிடமாவது படித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து