4 ஜிபி ராமுக்கு எந்த பிரவுசர்?

கேள்வி: விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். குரோமில் பத்து டேப் திறந்தாலே திணறுது. ஃபயர்பாக்ஸ், எட்ஜ், பிரேவ், எதுக்கு மாறலாம்?

பதில் 1: மாறுறதுக்கு முன்னாடி குரோமிலேயே ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்துங்க. எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல நாம சேர்க்கிற குட்டி புரோகிராம்) எவ்வளவு மெமரி தின்னுதுன்னு காட்டும். பெரும்பாலும் எப்பவோ போட்டு மறந்த எக்ஸ்டென்ஷன்தான் வில்லன். அப்புறம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போய், பயன்படுத்தாத டேப்களோட மெமரியை விடுவிக்கிற மெமரி சேவரை ஆன் பண்ணுங்க.

பதில் 2: எட்ஜ், பிரேவ் ரெண்டுமே குரோமுக்கும் அடிப்படையா இருக்கிற குரோமியத்துல கட்டினதுதான், ராம் விஷயத்துல அதிசயம் எதிர்பார்க்காதீங்க. பிரேவ் விளம்பரத்தைத் தானே தடுக்கிறதால பக்கம் லேசாகும், அது நிஜமான லாபம். ஃபயர்பாக்ஸுக்கு கெக்கோன்னு தனி இன்ஜின் (பக்கத்தைக் காட்டுற உள் மென்பொருள்). விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷன் அதில் முழுசா ஓடும். குரோம்ல மேனிஃபெஸ்ட் வி3ங்கிற புது எக்ஸ்டென்ஷன் விதிமுறை வந்தபிறகு அதோட வசதி குறைஞ்ச லைட் பதிப்புதான். என் ஓட்டு ஃபயர்பாக்ஸுக்கு.

கேட்டவர்: புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் போயிடுமா?

பதில் 1: போகாது. ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸ்லயே இம்போர்ட் வசதி இருக்கு. பாஸ்வேர்டு மட்டும் வரலைன்னா, குரோம் பாஸ்வேர்டு மேனேஜர்ல சிஎஸ்வி ஃபைலா (சாதா எழுத்துல இருக்கிற பட்டியல்) எக்ஸ்போர்ட் பண்ணி ஃபயர்பாக்ஸ்ல ஏத்துங்க. முடிஞ்ச கையோட அந்த ஃபைலை ஷிஃப்ட் + டெலீட் அடிச்சிடுங்க. பூட்டே இல்லாத ஃபைல் அது, யார் திறந்தாலும் படிக்கலாம்.