காலநிலைத் திட்டங்கள்: ஆதாயம் காட்டினால் போதுமா, கட்டுப்பாடு வேண்டுமா?

சிம்மக்கல் வாசகி:
மக்களிடம் தியாகத்தை எதிர்பார்க்கும் காலநிலைத் திட்டம் எதுவும் நிலைக்காது என்பதே என் கருத்து. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனாலும் எங்கள் தெருவில் அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்குகிறது; வேலை முடிந்து வரும் வழியில் கீரை வாங்குகிறவரிடம் கடைக்காரர் கேரி பேக்கைத்தான் நீட்டுகிறார். நீலகிரியிலோ, 2022இல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி, மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தரும் முறையைத் தொடங்கினார்கள். பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. குடிப்பவரின் மனத்தை யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

மேலூர் கடைமடை:
சகோதரி, பையும் பாட்டிலும் குப்பைச் சிக்கல்கள். காலநிலையைப் பற்றிப் பேசுவதென்றால், நிலக்கரியை எரித்து வரும் மின்சாரத்தில் ஓடும் எங்கள் பம்புசெட்டுகளைப் பற்றியும் பேச வேண்டும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை நிறுத்த எவருக்கும் காரணமில்லை. மும்முனை மின்சாரம் வந்தவுடன் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாகவே மோட்டாரை ஓடவிடுகிறது. தோட்டக்காரர் உறங்கிக்கொண்டிருக்க, வரப்பைத் தாண்டித் தண்ணீர் வழிகிறது. நீங்கள் நம்பச் சொல்லும் அதே ஆதாயம்தான் எங்கள் கிணறுகளை வற்றவைத்தது. பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயின் கடைசியில் இருக்கும் எங்கள் கடைமடை வரை வந்து சேர்வதற்கு, முறை வைத்துத் திறந்துவிடும் கட்டுப்பாடே காரணம். மேல்மடைக்காரரின் நல்ல மனத்தை நம்பியிருந்தால் எங்கள் வயல்கள் தரிசாகியிருக்கும்.

சிம்மக்கல் வாசகி:
ஆதாயம் தவறான பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது, ஐயா. பஞ்சாபில் 2018இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். விவசாயிக்கு மாதந்தோறும் இவ்வளவு யூனிட் என்று ஒதுக்கி, அதில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வீதம் அவருடைய கணக்கில் செலுத்துவதாக அது அமைந்தது. இலவசமும் பறிபோகவில்லை, மோட்டாரை நிறுத்துவதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

மேலூர் கடைமடை:
மிச்சத்தைக் கணக்கிட மீட்டர் வேண்டும். இங்கே சிக்கல் அதுதான். 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து, விவசாயத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். இன்று மீட்டர் வந்தால் நாளை பில் வரும் என்ற அச்சம் அந்த நினைவிலிருந்து வருகிறது. அதைப் பேராசை என்றோ அறியாமை என்றோ தள்ளிவிடக் கூடாது.

திருப்பரங்குன்றத்தான்:
அச்சமும் மனித இயல்புதான் என்பதால் திட்டம் அதற்கும் இடம்தர வேண்டும். மீட்டரைத் தனித்தனி மோட்டாரில் பொருத்தாமல் டிரான்ஸ்பார்மரில் பொருத்தி, மிச்சத் தொகையை அதன்கீழ் வரும் விவசாயிகளுக்குப் பிரித்துத் தரலாமே.

மேலூர் கடைமடை:
அப்படியானால் ஒருவர் மிச்சப்படுத்துவார், பக்கத்துத் தோட்டக்காரர் கூடுதலாக இறைப்பார். மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஊரே நீர்பாய்ச்சியை வைத்து, அவருக்கு நெல்லும் அளந்ததுபோல, டிரான்ஸ்பார்மருக்கும் பொறுப்பாளர் ஒருவரை அந்த விவசாயிகளே நியமித்தால் நானும் யோசிப்பேன். ஆனால் இந்த மீட்டரைக் கொண்டு எக்காலத்திலும் கட்டணம் வசூலிக்கப்படாது என்பதை முதலில் சட்டமாக்கட்டும். அதற்கு முன் மீட்டர் பெட்டி வந்தால் எதிர்ப்பவர்களில் நானும் ஒருவனாக இருப்பேன்.