மறு: ‘கேஸ் மேனேஜ்மென்ட்’ – வழக்கா, நேர்வா, வேறு ஏதாவதா?

அனைவருக்கும் வணக்கம்.

> கேஸ் என்றால் வழக்கு. ‘வழக்கு மேலாண்மை’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

வக்கீல் அலுவலகத்துக்கான மென்பொருள் என்றால் போகலாம் ஐயா. நாம் தமிழாக்க எடுத்திருப்பது பிரைமெரோ. யுனிசெஃப் முன்னின்று வளர்க்கும் திறமூல மென்பொருள். குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர் ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் பதிந்து, யார் என்ன செய்தார்கள், அடுத்து என்ன என்று விடாமல் பார்த்துக்கொள்ள உதவுவது. இங்கே ஒரு பிள்ளை விஷயத்தில் போக்சோ வழக்கும் தனியாக நடந்துகொண்டிருக்கலாம். திரையில் ‘வழக்கு முடிந்தது’ என்று வந்தால், முடிந்தது நீதிமன்றத்திலா நம் பணியாளரிடமா?

> அரசுக் கடிதங்களில் ‘இந்நேர்வில்’ என்று வருகிறதே. ‘நேர்வு’ போதாதா?

கடிதத்துக்குப் போதும். பிரைமெரோவில் ‘இன்சிடென்ட்’ என்று இன்னொரு பதிவும் இருக்கிறது. ஒரே கேஸுக்குள் பல இன்சிடென்ட் வரலாம்: போன மாதம் வீட்டில் அடி, இந்த மாதம் பள்ளியை நிறுத்திச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டார்கள், இப்படி. நேர்வு, நிகழ்வு, சம்பவம் மூன்றும் இன்சிடென்ட் பக்கமே சாய்கின்றன.

கேஸுக்கு முன்மொழிந்த சொற்களில் ‘தனிக்கோப்பு’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் ‘கோப்பை இணை’ என்ற பொத்தான் அதே பக்கத்தில் இருக்கிறது. ‘தனிக்கவனிப்பு’ வேண்டவே வேண்டாம். ‘ஸ்டேஷன்ல தனியா கவனிச்சாங்க’ என்றால் நம்மூரில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சேலத்திலிருந்து ரயிலேறி வந்த பத்து வயதுப் பையன் எழும்பூரில் தனியாக நிற்கிறான் என்று வையுங்கள். யாரோ குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கிறார்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணை அறிக்கைக்கு 15 நாள். அப்புறம் சேலம் மாவட்டத்துக்கு மாற்றம். இதற்குள் நாலைந்து பேர் கை மாறிவிடுகிறான். எந்த நாளில் திறந்து பார்த்தாலும் மென்பொருள் முதலில் சொல்ல வேண்டியது, இவன் இப்போது யார் பொறுப்பு என்பதைத்தான்.

அதனால் ‘பொறுப்பு’ என்பதையே வேர்ச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். கேஸ் மேனேஜ்மென்ட் என்ற துறைக்குப் ‘பொறுப்புப்பணி’. கேஸ் ஒர்க்கர் ‘பொறுப்பாளர்’. ‘மை கேஸஸ்’ என்ற பட்டியலுக்கு ‘என் பொறுப்பில் உள்ளவர்கள்’. இதில் ஆள் ஆளாகவே நிற்கிறார். கேஸை மூடுவது ‘பொறுப்பு நிறைவு’. கேஸ் எண்ணுக்குப் ‘பதிவு எண்’ போதும். இலங்கை நண்பர்கள் ‘முகாமைத்துவம்’ என்பார்கள், நாம் ‘மேலாண்மை’ என்போம். இதில் இரண்டுமே தேவைப்படவில்லை.

இந்தச் சொல் உண்மையில் உதவுவது ரெஃபரல், டிரான்ஸ்ஃபர் என்ற இரண்டு பொத்தான்களில். டிரான்ஸ்ஃபரில் எதிர்ப்பக்கத்துப் பணியாளர் ஏற்றுக்கொண்டதும் பிள்ளை அவர் பட்டியலுக்குப் போய்விடும். ரெஃபரலில் அப்படி இல்லை. மருத்துவ உதவிக்கோ ஆற்றுப்படுத்துநரிடமோ அனுப்புகிறோம், பிள்ளை நம் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் ‘ரெஃபர் பண்ணிட்டோம்’ என்று சொன்னாலே கை கழுவியாயிற்று என்று எடுத்துக்கொள்வது நம் அலுவலகப் பழக்கம். ‘பரிந்துரை’ என்று மொழிபெயர்த்தாலும் அந்தப் பழக்கம் போகாது. ஆகவே டிரான்ஸ்ஃபருக்குப் ‘பொறுப்பை ஒப்படை’, ரெஃபரலுக்கு ‘உதவிக்கு அனுப்பு’. பின்னதன் கீழே சிறிய எழுத்தில் ‘பொறுப்பு உங்களிடமே இருக்கும்’ என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

ஒரு குறை எனக்கே தெரிகிறது. ‘ஆட்சியர் (பொறுப்பு)’ என்று பெயர்ப்பலகையில் படித்துப் பழகியவர்களுக்குப் ‘பொறுப்பாளர்’ என்றால் தற்காலிகமாக உட்கார்ந்திருப்பவர் என்று தோன்றலாம். அதை விட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். ‘வழக்குப் பணியாளர்’ மட்டும் வேண்டாம்.

‘கேர் பிளான்’ பற்றி விவாதமே தேவையில்லை. ‘தனிநபர் பராமரிப்புத் திட்டம்’ ஏற்கெனவே புழங்குகிறது, அப்படியே வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பது ‘ஃப்ளாக்’, அதாவது கவனிக்க வேண்டிய பதிவில் அடையாளம் வைப்பது. இப்போதைய வரைவில் ‘கொடியிடு’ என்று இருக்கிறது; தேர்தல் நேரம் மாதிரி இருக்கிறது. ‘கவனக்குறி’ என்று மாற்றலாமா? மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.