ரோல்ஸ் ராய்ஸ் 40/50: பிளாக் ஏன் மூன்று மூன்றாக? சுவிட்சிலேயே ஸ்டார்ட் ஆனது எப்படி?

கேள்வி – பழைய இரும்பு
1906-இல் லண்டன் ஒலிம்பியா கார் கண்காட்சியில் வந்த 40/50-இன் சில்வர் கோஸ்ட் எஞ்சினைப் பற்றித்தான். ஆறு சிலிண்டர், 7,036 சிசி, ஆனால் 1,250 ஆர்பிஎம்மில் வெறும் 48 எச்பி. முந்தைய 30 எச்பி காரில் சிலிண்டர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வார்த்த மூன்று பிளாக். இதில் மூன்று மூன்றாக இரண்டு. ஏன் மாற்றினார்கள்? செல்ஃப் இல்லாத காலத்தில் ஹேண்டில் போடாமலே ஸ்டார்ட் ஆகும் என்கிறார்களே, அது நிஜமா?

பதில் – கிராங்க் கேஸ்
காரணம் கிராங்க்ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. 30 எச்பியில் அது நீளமாக, மெலிசாக இருந்தது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு திரும்ப விடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அந்த முறுக்கலும் வெடிப்பின் தாளமும் சேர்ந்துகொண்டால் அதிர்வு ஏறிக்கொண்டே போய் ஷாஃப்டே உடையும்.

காரை வடிவமைத்த ஹென்றி ராய்ஸ் செய்தது: ஷாஃப்டைத் தடிப்பாக்கி ஏழு மெயின் பேரிங்கில் உட்கார வைத்தார். மூன்று சிலிண்டர் கிராங்க் இரண்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிரெதிராக இணைத்தார். அதற்கேற்பப் பிளாக்கும் மூன்று மூன்றாக. 1-உம் 6-உம், 2-உம் 5-உம், 3-உம் 4-உம் ஜோடியாக ஏறி இறங்கும். ஷாஃப்ட் விறைப்பாக இருந்தால் அதிரும் வேகம் ஓட்டும் வேகத்துக்கு மேலே போய்விடும். துளையிட்ட ஷாஃப்ட் வழியாக பம்ப் அழுத்தத்தில் ஆயில் போகும். பல கார்கள் ஆயிலைத் தெறிக்கவிட்டுச் சமாளித்த காலம் அது.

பதில் – டிரெம்பளர்
ஸ்டார்ட் ஆவது நிஜம்தான், நிபந்தனையோடு. ஆறு சிலிண்டரில் 120 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. எங்கே நின்றாலும் ஏதோ ஒரு பிஸ்டன் பவர் ஸ்ட்ரோக்கில் இருக்கும். நிறுத்தும்போது த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து இக்னிஷனை அணைத்தால் கடைசிச் சுற்றுகளில் பெட்ரோல் கலவை உள்ளே தங்கும். பிறகு காயில் இக்னிஷனைப் போட்டு, ஸ்டியரிங் வீலில் உள்ள, பொறி விழும் நேரத்தை மாற்றும் லீவரை அசைத்தால் அந்தச் சிலிண்டருக்குத் தீப்பொறி போகும். டிரெம்பளர் காயில், அதாவது காண்டாக்ட் அதிர்ந்துகொண்டே இருக்கும் காயில், நின்ற எஞ்சினுக்கும் விடாமல் பொறி தரும். இன்னொரு இக்னிஷனான மேக்னெட்டோ சுழன்றால்தான் மின்சாரம் தரும், அதற்கு எஞ்சின் சுற்றியாக வேண்டும். இரண்டு இக்னிஷன் வைத்ததில் இது ஒரு லாபம்.

ரிங், வால்வு கசிந்தால் சில நிமிடங்களில் கலவை போய்விடும். அப்புறம் ஹேண்டில்தான். லீவரை முழுக்க ரிடார்டில் (பொறி தாமதமாக விழும் நிலையில்) வைக்காமல் சுற்றினால் ஹேண்டில் எதிர்த்து அடித்து மணிக்கட்டை உடைக்கும். டிரெம்பளர் காண்டாக்ட் குழி விழுந்தாலும் பொறி சோம்பலாகும். மெல்லிய அரத்தால் சமன் செய்ய வேண்டும்.

பதில் – பெயர்ப் பலகை
ஒரு திருத்தம்: மாடலின் பெயர் 40/50. சில்வர் கோஸ்ட் என்பது 60551 எண்ணுள்ள ஒரே சேஸிஸுக்கு, ஏஎக்ஸ் 201 பதிவுள்ள வெள்ளி நிறக் காருக்கு வைத்த பெயர். 1925-இல் அடுத்த மாடலான பேன்டம் வந்த பிறகுதான் பழைய வரிசை முழுவதையும் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1907-இல் அந்தக் கார் 15,000 மைல் சோதனை ஓடியது. 629-வது மைலில் நின்றதற்கு எஞ்சின் காரணமில்லை, குலுக்கலில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் தானே மூடிக்கொண்டது!

பழைய இரும்பு
இந்த எஞ்சினில் ஹெட் பிளாக்கோடு ஒன்றாக வார்த்தது, தனியாகக் கழற்ற வராது. அப்படியென்றால் வால்வைத் தேய்த்துச் சரிசெய்யும் கிரைண்டிங் எப்படி?

கிராங்க் கேஸ்
பக்கவாட்டு வால்வு. ஒவ்வொரு வால்வின் தலைக்கு மேலும் திருகு மூடி உண்டு, அதைக் கழற்றி மேலிருந்தே வேலை. அந்தக்கால ஹெட் கேஸ்கெட் கசியும் தொல்லையும் இல்லை. கஷ்டம் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டில்: துரு அடியில் படிந்து ஓட்டத்தை அடைக்கும், அந்த இடம் சூடேறி விரிசல் விடும். தனி ஹெட் இல்லாததால் மூன்று சிலிண்டர் பிளாக்கையே தூக்கியாக வேண்டும். கரியைச் சுரண்டவும் அதே கதிதான்.